பியட்டுக்கு வெயில்

அறந்தாங்கி,
தை மாதம், திங்கட்கிழமை.

அன்புள்ள மச்சானுக்கு,

திலகவதி எழுதிக்கொண்டது. இங்கே நான், நம் மகள் இலக்கியா, மாமா மூவரும் சுகம். உங்கள் பழைய பியட் காரும் சுகம். வண்டியின் சுகத்தைத் தனியாக எழுதுகிறாளே என்று சிரிக்காதீர்கள். கார்த்திகையில் இந்தக் கடிதத்தை எழுதியிருந்தால் அந்த வரியை எழுத என் கை வந்திருக்காது.

போனில் சொல்லலாமே என்பீர்கள். போனில் பேசினால் உங்கள் அறையில் இருக்கும் ஆறு பேருக்கும் கேட்கிறது. நீங்கள் “ம்”, “சரி” இரண்டைத் தவிர எதுவும் பேசுவதில்லை. நான் கொஞ்சம் குரலை உயர்த்தினால் டவர் இல்லை என்று வைத்துவிடுகிறீர்கள். கீழத்தெரு பிரசாந்த் லீவு முடிந்து ஞாயிற்றுக்கிழமை மஸ்கட் திரும்புகிறார். அவர் கையில் பருப்புப் பொடி, கைமுறுக்கு, உங்கள் முழங்கால் தைலம் எல்லாம் கொடுத்துவிடுகிறேன். கூடவே இந்தக் கடிதமும் வரும். இதை நடுவில் வைத்துவிட முடியாது. கடைசி வரை படித்துத்தான் ஆக வேண்டும்.

ஐப்பசிக்கு முன்னால் நீங்கள் கிளம்பும்போது திருச்சி விமான நிலையத்தில் வைத்துச் சொன்னது ஞாபகம் இருக்கிறதா? “நம்ம ஊரு சோலையப்பன் மக கல்யாணத்துக்கு நம்ம வண்டி போகட்டும். நல்லபடியா போயிட்டு வந்துருச்சுன்னா நாலு பேரு கேப்பாங்க. கல்யாண வண்டின்னு பேரு எடுத்துட்டா நான் எதுக்கு அங்கிட்டு கெடக்கேன், வந்துருவேன்” என்றீர்கள். போகாவிட்டால் என்ன என்று நான் கேட்டேன். கம்பெனிக்காரன் தை கடைசியில் நீட்டும் காகிதத்தில் இன்னும் மூன்று வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிடுவேன் என்று சொல்லிவிட்டு, பெட்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டீர்கள். அன்றிலிருந்து எனக்கு அந்த வண்டி வெறும் வண்டியாக இல்லை. பழைய இரும்புக்கு ஏன் இவ்வளவு சீராட்டு என்று முன்பெல்லாம் உங்களைக் கேலி செய்வேனே, அந்தத் திலகவதிதான் தினமும் காலையில் ஷெட்டை எட்டிப்பார்த்துவிட்டுக் காப்பி போட்டாள்.

எட்டிப்பார்த்து என்ன? பார்த்ததெல்லாம் தார்பாயைத்தான்.

நீங்கள் செய்துவிட்டுப் போன வேலையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள் மச்சான். ஆயுதபூஜைக்கு வண்டியைக் கழுவுகிறவர்களை நானும் பார்த்திருக்கிறேன். வெளியே கழுவுவார்கள். நீங்கள் தோட்டத்துக் குழாயை இழுத்துவந்து உள்ளேயும் விட்டீர்கள். “வருசத்துல ஒரு நாளு, உள்ளயும் குளிக்கட்டும்” என்றீர்கள். ஈரம் சொட்டச் சொட்ட சீட்டு முழுக்கச் சந்தனம் குங்குமம் வைத்தீர்கள். ஸ்டியரிங்கில் கையளவு கனத்தில் சம்பங்கி மாலை. முன் சீட்டில் தட்டு நிறையப் பொரி, கடலை, வாழைப்பழம். சாமிக்கு வைத்ததை எடுக்கக் கூடாது என்று அப்படியே கதவைச் சாத்தினீர்கள். மறுநாள் மஸ்கட் போகும் அவசரத்தில் நீலத் தார்பாயைப் போட்டு, கயிற்றால் பொட்டலம் கட்டுவது போலக் கட்டி, சுற்றிலும் செங்கல் அடுக்கினீர்கள். தூசி போகக் கூடாதாம். கல்யாணம் வரை ஒருவரும் கை வைக்கக் கூடாதாம். நானும் பேச்சைக் கேட்டேன். உங்கள் பேச்சை ஒழுங்காகக் கேட்டது அந்த ஒரு தடவைதான், அதிலேயே வினை.

அதற்குப் பிறகு ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. கண்மாய் நிரம்பி, ஷெட்டுக்குப் பின்னால் வரை தண்ணீர் நின்றது. மண் தரை ஊறிப்போய் நடந்தால் கால் தடம் பதிந்தது. போதாக்குறைக்கு மாமா, வெயில் காணாத கடலை மூட்டைகளை வண்டிக்குப் பக்கத்திலேயே அடுக்கிவைத்தார். நீங்கள் வீடியோவில் கூப்பிட்டு வண்டியைக் காட்டு என்பீர்கள். நான் தார்பாயைக் காட்டுவேன். நீங்கள் தார்பாயைப் பார்த்து, “பத்தரமா இருக்குடி” என்று சந்தோஷப்படுவீர்கள்.

பெரிய கார்த்திகை அன்று மாலை ஷெட்டில் ஒரு அகல் வைக்கப் போனேன். உள்ளே நுழைந்ததும் நனைந்த சாக்கு வாடை. கடலைதான் கெட்டுவிட்டது என்று மூட்டைகளை மோந்து பார்த்தேன். மூட்டைகளில் அவ்வளவு இல்லை. தார்பாய் ஓரத்தைத் தூக்கினேன், வாடை முகத்தில் அடித்தது. கயிற்றை அறுத்து, இலக்கியாவை டார்ச் அடிக்கச் சொல்லிக் கதவைத் திறந்தேன்.

மச்சான், எப்படி எழுதுவது? ஸ்டியரிங் முழுக்க வெள்ளை முடி முளைத்திருந்தது. நீங்கள் பொட்டு வைத்த இடத்தில் எல்லாம் வட்ட வட்டமாகப் பச்சை. கூரைத் துணியில் கறுப்புப் புள்ளிகள். மாலை கறுத்த கயிறாகத் தொங்கியது. பொரித் தட்டில் இருந்ததைப் பற்றி எழுத மாட்டேன், நீங்கள் சாப்பிடும் நேரத்தில் படித்தாலும் படிப்பீர்கள். இலக்கியா மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடிவிட்டாள். நான் அங்கேயே நின்றேன். எனக்கு வண்டி தெரியவில்லை. மூன்று வருடம்தான் தெரிந்தது. அவள் காலேஜ் போகும்போதும் நீங்கள் போனில் “ம்” என்றுதான் சொல்லுவீர்கள் என்று தெரிந்தது. அழுதேன். பிறகு உங்களைத் திட்டினேன். திட்டியதுதான் கொஞ்சம் தெம்பு கொடுத்தது.

மறுநாளே ஒரு வாளி சோப்புத் தண்ணீரும் துணியுமாக உட்கார்ந்து துடைத்து எடுத்தேன். பளிச்சென்று ஆகிவிட்டது. அந்த வாரம் முடிவதற்குள் முன்பைவிட அதிகமாகத் திரும்பி வந்தது. ஈரத்தால் வந்த நோய்க்கு இன்னும் கொஞ்சம் ஈரத்தை ஊட்டியிருக்கிறேன். புருஷனுக்கு ஏற்ற பெண்டாட்டி என்று என்னை நானே சொல்லிக்கொண்டேன். மாமா தன் பங்குக்குச் சாம்பிராணி போட்டார். “பொகை காட்டுனா பூச்சி பொட்டு ஒண்ணும் அண்டாது ஆத்தா” என்று இரண்டு வெள்ளிக்கிழமை தூபக்காலோடு வண்டியைச் சுற்றினார். பூசணம் போகவில்லை. வாடை மட்டும் ஈரச் சாக்குக்குள் கோயில் வைத்த மாதிரி ஆனது. என் தம்பி விக்ரம் வந்து பார்த்துவிட்டு, சீட்டையெல்லாம் பிய்த்து எறிந்துவிட்டுப் புதிது போடலாம் என்றான். அந்த ஈரத்தில் புது சீட்டைப் போட்டால் அதிலும்தானே பூக்கும் என்று கேட்டேன்.

அப்போதுதான் எனக்கே உறைத்தது. வருடம் தவறாமல் மாவடு போடுகிறேன், வற்றல் போடுகிறேன், மிளகாய் காயவைத்து எடுத்து வைக்கிறேன். காயாத வற்றலை டப்பாவில் போட்டு மூடினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாதா? முதலில் வெயில், அப்புறம் காற்று, அதற்குப் பிறகுதானே மூடி? வண்டி என்றதும் அது ஆம்பளை சமாச்சாரம் என்று என் புத்தியை அடுப்படியிலேயே வைத்துவிட்டு ஷெட்டுக்குப் போயிருக்கிறேன்.

மார்கழி பிறந்து மழை விட்டது. விக்ரமும் அவன் சிநேகிதர்களும் வண்டியைத் தள்ளி வாசலுக்குக் கொண்டுவந்தார்கள். நான்கு கதவும் திறந்தபடி கிடந்தது. சீட்டுகளைக் கழற்றி மொட்டை மாடிக்கு ஏற்றினோம். வாயையும் மூக்கையும் துணியால் கட்டிக்கொண்டு, தூசி முகத்தில் அடிக்காதபடி காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று, காய்ந்த பிரஷ்ஷால் தட்டித் தட்டி உதிர்த்தேன். தண்ணீர் ஒரு சொட்டு காட்டவில்லை. எல்லாம் உதிர்ந்த பிறகு வினிகரில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து, துணியை நன்றாகப் பிழிந்து, சீட்டின் அடிப்பக்கம் ஒரு மூலையில் தேய்த்துப் பார்த்தேன். நிறம் போகவில்லை. அப்புறம்தான் மற்ற இடங்களில் தேய்த்தேன். துடைத்த கையோடு மறுபடியும் வெயில். தெருவில் போகிறவர்கள் எல்லாம், என்ன திலகா, காருக்கு ஊறுகாய் போடுறியா என்று கேட்டுவிட்டுப் போனார்கள். ஆமா, வேணும்னா ஒங்களுக்கும் ஒரு ஜாடி தாரேன் என்று சொன்னேன்.

எல்லாவற்றையும் காப்பாற்ற முடியவில்லை. தரையில் ரப்பர் விரிப்புக்கு அடியில் இருந்த சணல் மெத்தை மக்கிவிட்டது, எறிந்துவிட்டேன். பின் சீட்டுக்குள் இருந்த தென்னை நார் உள்ளுக்குள்ளேயே ஈரமாக இருந்தது. பக்கத்து வீட்டு சந்தனமேரி அக்கா உறையைப் பிரித்துக் கொடுத்தார், பழைய நாரை எடுத்துவிட்டுப் புது நார் அடைத்து அவரே தைத்தும் கொடுத்தார். தன் தையல் கடையில் சீருடைத் துணி மலையாகக் குவிந்திருக்கும்போது உட்கார்ந்து செய்தார். ஊருக்கு வந்ததும் முதலில் அவரைப் போய்ப் பாருங்கள். கூரைத் துணியில் ஓட்டுநர் தலைக்கு மேல் மூன்று கறுப்புப் புள்ளிகள் போகவே இல்லை. அவை இருக்கட்டும். வண்டி ஓட்டும்போது நிமிர்ந்து பார்த்தால் உங்கள் பூஜை உங்களுக்கு ஞாபகம் வரும்.

வண்டி சுத்தமானதும் ஷெட்டில் கைவைத்தேன். பெரிய சண்டை அதில்தான். கடலை மூட்டைகள் கூடத்துக்கு வந்தன. மாமா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. சுவரில் கீழே ஒரு பக்கமும் மேலே எதிர்ப் பக்கமும் செங்கல்லைப் பெயர்த்துக் காற்று போக வழி வைத்தோம், எலி வராமல் கம்பி வலை அடித்தோம். தகரத்தில் ஒழுகிய இடத்தை அடைத்தோம். தரையில் தடித்த பிளாஸ்டிக் தாள் விரித்து அதன்மேல் பலகை போட்டுத்தான் வண்டி நிற்கிறது. உள்ளே ஒரு கூடை அடுப்புக் கரி வைத்திருக்கிறேன், அது மிச்ச வாடைக்கு. ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் ஒன்றை இலக்கியா ஆன்லைனில் வரவழைத்தாள். முள் அறுபதைத் தாண்டினால் ஃபேனைப் போட வேண்டும் என்று தாத்தாவுக்கு உத்தரவு. கோபமெல்லாம் போய், இப்போது மாமா மழைக்கால வானத்தைப் பார்ப்பது போல அந்த மீட்டரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். வாரம் ஒரு தடவை விக்ரம் வண்டியை ஆவுடையார்கோவில் வரை ஓட்டிவிட்டு வருகிறான். நிறுத்தும்போது கண்ணாடியை ஒரு விரல் அளவு இறக்கிவைக்கிறோம்.

தார்பாயைக் கடலை மூட்டைக்குக் கொடுத்துவிட்டேன். வண்டிக்குக் காற்று போகிற பருத்தித் துணியில் உறை வேண்டும் என்று தேடினேன். பீரோவில் உங்கள் வேட்டிகள் மடித்தபடி இருந்தன. வருடத்தில் ஒரு மாதம் கட்டுகிற வேட்டி. எல்லாவற்றையும் ஒட்டுப்போட்டு சந்தனமேரி அக்கா தைத்துவிட்டார். கரையெல்லாம் வரிசையாக வந்து பார்க்க நன்றாகவே இருக்கிறது. உங்களுக்கு வேட்டி வேண்டுமானால் வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் நடந்துகொண்டிருந்தபோது வீடியோவில் நீங்கள் பார்த்தது சீட்டு இல்லாத வண்டிமேல் போட்ட அதே தார்பாயைத்தான். கோபம் வந்தால் வரட்டும். அங்கே உட்கார்ந்து நீங்கள் என்ன செய்திருப்பீர்கள்? கையெழுத்துப் போடப் பேனாவைத்தான் எடுத்திருப்பீர்கள்.

வியாழக்கிழமை சோலையப்பன் அண்ணன் மகள் ஹரிணிக்குத் திருவரங்குளம் கோயிலில் கல்யாணம். விடியும் முன் இங்கிருந்து நம் வண்டியில்தான் பெண் போகிறாள். இப்போது வாடை எதுவும் இல்லை. ஆனால் எனக்குத்தான் மூக்கு பழகிவிட்டதோ என்று பயமாக இருக்கிறது. இலக்கியாவைக் கேட்டால் இல்லை என்கிறாள். சந்தனமேரி அக்காவைக் கேட்டால் சலித்துக்கொள்கிறார். ஒருவேளை சீட்டுக்குள் எங்காவது கொஞ்சம் ஈரம் இருந்து, ஒரு மணி நேரம் ஆள் உட்கார்ந்த சூட்டில் பட்டுப்புடவையில் கறை இறங்கினால்? கல்யாணப் பெண்ணுக்குக் கறை. அந்தப் பேர் இந்த ஜில்லாவில் போகவே போகாது. நீங்களும் வர மாட்டீர்கள். மிச்சத்தைக் கல்யாணம் முடிந்து எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை.

மச்சான், நன்றாக நடந்தது. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் விவரமாக எழுதுகிறேன்.

வியாழன் விடியற்காலையில் பனி கொட்டியது. எதிர் வீடு தெரியவில்லை. ஷெட்டைத் திறந்து வேட்டி உறையை எடுத்து மடித்துவைத்துவிட்டுத் திரும்பியபோது முன் கண்ணாடி வெள்ளையாக இருந்தது. எனக்கு உயிர் போய்விட்டது. கதவைத் திறந்து உள்பக்கம் விரலால் தேய்த்துப் பார்த்தேன். காய்ந்திருந்தது. மங்கல் எல்லாம் திறந்த வாசல் வழியாக வந்து வெளிப்பக்கம் படிந்த பனிதான். இரண்டு தடவை தேய்த்துப் பார்த்த பிறகுதான் விக்ரமைக் கூப்பிட்டேன். பாக்கிக் கண்ணாடிகளையும் தடவிப் பார்த்தேன். மீட்டரைப் பார்த்துவிட்டு மாமா, “ஐம்பத்தஞ்சுதான் ஆத்தா காட்டுது, தைரியமா போயிட்டு வா” என்றார். என்னோடு பேசாமல் இருந்த மனுஷன்.

வண்டிக்குப் பூ வைக்கவேண்டும் என்று பெண் வீட்டார் மாலையோடு வந்தார்கள். வெளியே எவ்வளவு வேண்டுமானாலும் வையுங்கள், உள்ளே ஒரு இதழ் வரக் கூடாது என்று சொல்லிவிட்டேன். சந்தனக் கிண்ணத்தோடு வந்த பெரியம்மாவையும் கதவுக்கு வெளியிலேயே நிறுத்தினேன். கார் வச்சிருக்கிறவங்க ரொம்பத்தான் பண்ணுறாங்க என்று யாரோ முணுமுணுத்தார்கள். முணுமுணுத்துவிட்டுப் போகட்டும்.

விக்ரம் ஓட்டினான். முன் சீட்டில் அவனுக்குப் பக்கத்தில் நான். பின்னால் ஹரிணியும் அவள் அம்மாவும். ஆலங்குடி வரை மூச்சை இழுத்து இழுத்து மோந்துகொண்டே போனேன். மல்லிகைப்பூ வாசம்தான் வந்தது. ஹரிணி பார்த்துவிட்டு, “என்னக்கா, சளி புடிச்சிருக்கா?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன். ஆலங்குடி தாண்டி வெயில் வந்தது. ஓரங்களில் நின்றவர்கள் கை காட்டினார்கள். ஒரு பள்ளிக்கூட பஸ் பிள்ளைகள் எல்லாம் ஜன்னலுக்கு வந்து கத்தினார்கள். உங்கள் வண்டி மூச்சுத் திணறாமல், இருமாமல், புதுப் பெண்ணைப் போல அடக்கமாகப் போனது.

கோயில் வாசலில் நிறுத்தியதும் நாதஸ்வரம் ஆரம்பித்தது. எல்லோரும் பெண் முகத்தைப் பார்க்க முண்டியடித்தார்கள். நான் அவளுக்குப் பின்னால் ஓடிப்போய்ப் புடவையின் பின்பக்கத்தைப் பார்த்தேன். அரக்குப் பட்டு. மடிப்பு சரிசெய்வது போல இடுப்பிலிருந்து கரை வரை தடவிப் பார்த்தேன். ஒரு கறை இல்லை, ஒரு புள்ளி இல்லை, ஈரம் கொஞ்சமும் இல்லை. பெண்ணின் அம்மா நான் ரொம்பப் பாசமானவள் என்று நினைத்துக்கொண்டார். அவர்கள் உள்ளே போனதும் நான் திரும்பி வந்து பின் சீட்டில் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டு நன்றாக அழுதேன். பெண் வீட்டு ஆள் மாதிரி அழுகிறாயே என்று விக்ரம் திட்டினான். நான் தாலி கட்டுவதைப் பார்க்கவில்லை. சாப்பாடு மட்டும் சாப்பிட்டேன். அந்த அளவு பசி எனக்கு எத்தனையோ நாளாக வந்ததில்லை.

சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் வண்டியைச் சுற்றிக் கூட்டம். படம் எடுத்துக்கொண்டே இருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டு உறவில் ஒருவர், விராலிமலைக்காரர், மாசியில் அவர் மகள் கல்யாணத்துக்கு இந்த வண்டி வேண்டும் என்றார். கீரமங்கலத்திலிருந்து வந்த ஓர் அம்மாவும் பங்குனிக்குக் கேட்டார். சோலையப்பன் அண்ணன் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, “ரெங்கராஜ் சொன்ன மாதிரியே நாலு பேரு கேக்க ஆரம்பிச்சிட்டாங்க, என்ன பதில் சொல்லட்டும்மா?” என்று கேட்டார். விக்ரமுக்கு மில் வேலை இருக்கிறது, அவனால் ஓட்டிக்கொண்டே இருக்க முடியாது என்று உங்களுக்குத் தெரியும்.

நான் விராலிமலைக்காரரிடமே நேராகப் போய்ச் சொல்லிவிட்டேன். “வண்டி வரும்ங்க. ஓட்டுறவரு மஸ்கட்ல இருக்காரு, மாசிக்குள்ள வந்துருவாரு” என்றேன். உங்களைக் கேட்கவில்லை. கேட்டால் “ம்” என்றுதான் சொல்லியிருப்பீர்கள்.

ஒன்றை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். ஹரிணி புடவையில் கறை பட்டிருந்தாலும் நான் இதே கடிதத்தைத்தான் எழுதியிருப்பேன். இன்றைக்கு எழுதியதை வேறு மாதிரி ஆரம்பித்திருப்பேன், அவ்வளவுதான். இரண்டு மாதம் மூடிக் கிடந்த வண்டியைப் பார்த்ததற்கே எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது. நம் வீடு பதினோரு வருடமாக அப்படிக் கிடக்கிறது மச்சான்.

முழங்காலுக்குத் தைலத்தை இளஞ்சூடாகத் தேய்த்துக்கொள்ளுங்கள். முறுக்கை அறையில் எல்லோருக்கும் கொடுங்கள். மாமா உங்களை விசாரித்ததாக எழுதச் சொன்னார். இலக்கியா ஒன்றும் எழுதச் சொல்லவில்லை, நான் எழுதுவதை நின்று பார்த்துவிட்டுப் போனாள்.

நம் குலசாமி உங்களை நோய் நொடி இல்லாமல் வைத்திருக்கட்டும். அந்தக் காகிதத்தை நீட்டினால் வாங்காதீர்கள். இதற்குப் பதில் கடிதமும் வேண்டாம். எந்த விமானம் என்று மட்டும் சொல்லுங்கள், திருச்சிக்கு பியட்டிலேயே வருகிறோம்.

என்றும் உங்கள்,
திலகவதி